மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கும் மற்ற நல்லவர்களுக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளம் சூழ்ந்த அந்த நான்கு நாளைப் பற்றிக் கடலூர்க்காரர்களுக்கு நாங்கள் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் வடிந்தது. புதன்கிழமை சிப்காட் தொழிற்பேட்டையில் இன்டர்வியூ. நாங்கள் பயிற்சி தரும் டிப்ளமோ பிள்ளைகள் எட்டுப் பேரின் ஃபைலும் ஊறிக் கிடந்தது. இன்டர்வியூ முடிந்து இன்று மூன்றாம் நாள், முடிவு வரவில்லை. வந்தபிறகு எழுதினால் அது வேலைக்குச் சொன்ன நன்றி ஆகிவிடும். அதனால் இப்போதே எழுதுகிறோம்.

நனைந்த மார்க் ஷீட்டுக்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். வெயிலில் போட்டால் தாள் முறுக்கிக்கொள்ளும். அயர்ன் செய்தால் லேசர் பிரின்ட் எழுத்து இளகித் துணியோடு வந்துவிடும். செய்தித்தாளுக்கு நடுவே வைத்தால் அதன் மை ஏறும். கடை அண்ணன் இது எதற்கும் விடவில்லை. ஸ்பைரல் பைண்டிங்குக்கு முன்பக்கம் வைக்கும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஷீட் ஒன்றை எடுத்தார். ஒட்டிக் கிடந்த கட்டின் மேல் விரித்து, உள்ளங்கையால் ஒருமுறை மெல்ல நீவினார். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால், மேல் தாள் மட்டும் ஈரத்தோடு ஷீட்டில் ஒட்டிக்கொண்டு வருகிறது! அதை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, ஷீட்டை மட்டும் உரித்தார். மேலே இன்னொரு வெள்ளைத் தாள், அதன் மேல் பாரத்துக்கு ஒரு ஏ4 கட்டு. மணிக்கொரு தரம் தாள் மாற்றினார். லேமினேட் செய்திருந்த மூன்றுதான் அவர் கைக்கும் அடங்கவில்லை. ஓரத்தில் புகுந்த தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. பிரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும். ஒரிஜினலை லேமினேட் செய்யாதீர்கள் என்று இனி இன்னும் உரக்கச் சொல்வோம்.

இதற்கே கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் இந்த மடல் எழுத வைத்தது அவருடைய பென்சில்.

பயோடேட்டாக்களைப் புதிதாகப் பிரின்ட் போடும்போது அவர் ஒவ்வொன்றையும் படித்தார். யாரும் கேட்கவில்லை. புரியாத வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். ஒரு பிள்ளையின் தாளில் ஏழு புள்ளி. தொழிற்சாலையில் எடுத்த பயிற்சியைச் சொல்லும் வரியைக் காட்டி, "இன்பிளான்ட் டிரெய்னிங் 15 நாள்னு போட்ருக்கியே தம்பி, அந்த 15 நாள்ல என்னத்தப் பாத்த?" என்று கேட்டார். பையன் விழித்தான். வருடக்கணக்காக இன்டர்வியூவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிற நாங்களும்தான் விழித்தோம். ஐம்பது கேள்வி, ஐம்பது பதில் என்று நோட்டு போட்டுக் கொடுத்துப் பழகியவர்கள் நாங்கள். எதிரே உட்காருகிறவர் கையில் இருக்கப்போவது எங்கள் நோட்டு இல்லை, அந்த ஒரு தாள்தான்.

அன்று இரவே புள்ளிக்குப் புள்ளி உட்கார்ந்தோம். டிரெய்னிங் என்ற வரிக்கு: எந்த யூனிட், எந்த மெஷின், அதில் என்ன அளந்தார்கள், என்ன கோளாறு வந்தது. சென்ட்ரிஃபியூகல் பம்ப் (சுழற்சியால் தண்ணீரைத் தள்ளும் பம்ப்) பார்த்தேன் என்றால் அடுத்த கேள்வி பிரைமிங், அதாவது ஓட்டும் முன் உள்ளே தண்ணீர் நிரப்புவது, ஏன் என்பதுதான். உள்ளே காற்று இருந்தால் இம்பெல்லர் என்ற சுழல் சக்கரம் சுற்றும், ஆனால் தண்ணீரை இழுக்காது. கூழாங்கல் உருட்டுகிற மாதிரி சத்தம் வந்தால் கேவிட்டேஷன், அதாவது திரவத்தில் ஆவிக் குமிழி உண்டாகி உடைவது. உறிஞ்சும் பக்கத்து வடிகட்டியான சக்ஷன் ஸ்டிரெய்னர் அடைத்திருக்கலாம், டேங்க் மட்டம் இறங்கியிருக்கலாம், திரவம் சூடேறியிருக்கலாம். இவ்வளவு சொல்லத் தெரிந்தால் அந்த வரி இருக்கட்டும், இல்லையென்றால் அடித்துவிடு என்றோம். 'தலைமைப் பண்பு' எட்டுத் தாளிலும் இருந்தது, எட்டிலும் போனது. புராஜெக்ட் வரிக்கு, நான்கு பேர் சேர்ந்து செய்ததில் உன் கை பட்டது எது என்று மட்டும் எழுதச் சொன்னோம்.

பெயருக்குப் பக்கத்திலும் ஒரு புள்ளி இருந்தது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக. நம் ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான். பயோடேட்டாவில் மார்க் ஷீட் பெயரைப் போட்டு, வித்தியாசத்தை நாமே முந்திச் சொல்லிவிடுவது நல்லது. பி.எஃப். கணக்கு ஆதார் பெயரை வைத்துத்தான் தொடங்கும். சேரும் நாளில் அந்த வித்தியாசம் வந்து நிற்கும்.

மற்றவர்களுக்கும் சேர்த்தே நன்றி: லேமினேஷனில் போன மூன்றுக்குப் பதிலாக ஒரே நாளில் சான்று எழுதிக் கொடுத்த கல்லூரி அலுவலகத்தாருக்கு, கரண்ட் வராத தெருவில் கரிப்பெட்டியால் எட்டுச் சட்டையும் தேய்த்துக் காசு வாங்காத பெரியவருக்கு, கேட் பாஸ் போடவே அரை மணி ஆகும், தீப்பெட்டி பாக்கெட்டில் இருக்கக்கூடாது, செருப்போடு போனால் உள்ளே விடமாட்டார்கள் என்று சொல்லித் தந்த ஓய்வுபெற்ற ஷிப்ட் இன்சார்ஜ் ஐயாவுக்கு. சம்பளம் பேசும்போது மொத்தத்தைக் கேட்டு மயங்காதே, பேசிக் சம்பளத்தில் 12 சதவீதம் பி.எஃப். போக, இ.எஸ்.ஐ. போகக் கைக்கு என்ன வரும் என்று கேள் என்றதும் அவர்தான். தேதியைத் தள்ளித் தந்த கம்பெனிக்காரர்களுக்கும் நன்றி. நாங்கள் அனுப்பியது இரண்டு வரி மெயிலும் ஒரு போனும்தான், ஆனால் இன்டர்வியூ நேரத்துக்கு முன்னால் போனது.

அண்ணே, தாள் காசு தவிர எதுவும் வாங்க மாட்டேன் என்றீர்கள். சரி. இனி எந்தப் பிள்ளையின் பயோடேட்டாவையும் உங்கள் கடைப் பெஞ்சில் வைத்துப் படித்த பிறகுதான் பிரின்ட்டுக்குக் கொடுப்போம். சனிக்கிழமை சாயங்காலம் அடுத்த செட் பிள்ளைகளோடு வருகிறோம். பென்சில் நாங்கள் கொண்டுவருகிறோம்.

அன்புடன்,
டிப்ளமோ மாணவர்களின் இன்டர்வியூ பயிற்சி ஆசிரியர்கள்,
கடலூர்