படிக்கும் தூரத்தை அளந்து எழுது

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. "கருவிழிக்குள் புதுப் படலம் வைக்கப் போகிறார்கள், புரையையும் சேர்த்தே எடுக்கப் போகிறார்கள். எந்த லென்ஸ் என்பதை மட்டும் நீயே யோசித்துச் சொல் என்கிறார்கள். நீ இரண்டு கண்ணிலும் பட்டவன், எழுது" என்று கேட்டிருந்தாய். பட்டவன்தான். அதனால் வாயில் வந்ததை எழுதாமல், என் பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள் என்று படித்ததில் மனசு நிறைந்தது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பதை மட்டும் ஒரு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டாய். கண் ஆபரேஷனுக்குப் போவதற்கு முன்னால் அதை ஒரு டாக்டரிடம் காட்டு. நான் எப்போதும்போல. மெய்ப்புத் திருத்தும் வேலையை விட்டுவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, மாதத்துக்கு ஒரு புத்தகம் பார்த்துக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

காலையில் பனிமூட்டம், மதியத்துக்கு மேல் தெளிவு என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் அச்சு அசல் அப்படித்தான் இருந்தது. பதினோரு மணிக்கு முன்னால் மெய்ப்பை எடுத்தால் க்-கும் க-வும் ஒன்றுபோலத் தெரியும். புள்ளி வைத்தானா இல்லையா என்று விரலால் தடவிப் பார்க்காத குறை. கருவிழி என்பது கண்ணின் முன்னால் கண்ணாடிபோல இருக்கும் பகுதி. அதன் உள்பக்கத்தில் ஒற்றை அடுக்காக இருக்கும் செல்கள்தான் அங்கே ஊறும் நீரை ஓயாமல் வெளியேற்றுகின்றன. நம் வயதில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் இருக்க வேண்டும். நம் வியாதியில் அவை குறைந்துகொண்டே போகின்றன. போனது போனதுதான், திரும்ப முளைக்காது. தூங்கும்போது இமை மூடியிருப்பதால் நீர் ஆவியாகவும் வழியில்லை. அதனால்தான் காலையில் மூட்டம். வியன்னாவில் ஃபுக்ஸ் என்ற மருத்துவர் 1910-இலேயே இதை எழுதிவைத்துவிட்டார், அவர் பெயரில்தான் நம் வியாதி.

சரி, புரையை எடுத்துவிட்டு அதன் இடத்தில் வைக்கும் லென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். வெறும் புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் சொல்வதை நீ கேட்காதே. அவர்களுடைய கருவிழி ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான். அதை அளந்து, கண்ணின் நீளத்தை அளந்து, கணக்குப் போட்டால் பவர் கிட்டத்தட்டச் சரியாக வந்துவிடும். நமக்கு அப்படி இல்லை. இன்றைக்கு வீங்கியிருக்கும் கருவிழியை அளந்து, நாளைக்கு வேறு விதமாக மாறப்போகும் கருவிழிக்கு லென்ஸ் தேர்ந்தெடுக்கிறார்கள்.

என் வலது கண் கதை உனக்கு முழுக்கத் தெரியாது. அப்போது எனக்கு டிசேக் செய்தார்கள். தானமாக வந்த கருவிழியிலிருந்து செல் அடுக்கோடு கொஞ்சம் சதையையும் சேர்த்து ஒரு தகடாகச் சீவி உள்ளே ஒட்டுவது. புரையையும் எடுத்து, தூரம் கண்ணாடி இல்லாமல் தெரியட்டும் என்று பூஜ்யத்துக்குக் குறிவைத்து லென்ஸ் வைத்தார்கள். மூன்று மாதம் கழித்துச் சோதித்தால் கண்ணாடிப் பவர் பிளஸ் ஒன்றேகால். அதாவது தூரமும் மங்கல், பக்கத்தில் இருப்பது சுத்தமாகத் தெரியவில்லை. கண்ணாடி போடாமல் எந்த ஒரு தூரத்திலும் எனக்குத் தெளிவு கிடையாது. கேட்டதற்கு அங்கே சொன்ன பதில், "சிலருக்கு இப்படி ஆகும்." சிலருக்கு இல்லை, பெரும்பாலானவர்களுக்கு ஆகும். அந்தத் தகடு நடுவில் மெல்லிசாகவும் ஓரத்தில் தடிப்பாகவும் இருக்கிறது. கருவிழியின் முதுகில் ஒரு மைனஸ் லென்ஸை ஒட்டியதற்குச் சமம். பார்வை ஒன்று, ஒன்றரை டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) வரைக்கும் பிளஸ் பக்கம் சாய்வது முன்கூட்டியே தெரிந்த விஷயம். அதைக் கணக்கில் சேர்த்து மைனஸில் குறிவைத்திருக்க வேண்டும். அன்றைக்குக் கேட்க எனக்குத் தெரியவில்லை, சொல்ல அவர்களுக்குத் தோன்றவில்லை. இன்னும் அந்தக் கோபம் முழுதாகத் தீரவில்லை என்பதை நீ இந்த வரிகளிலேயே பார்த்திருப்பாய்.

இடது கண்ணுக்கு வேறு இடம் போனேன். அதற்குள் டிமெக் பரவலாக வந்துவிட்டது, உனக்குச் செய்யப்போவதும் அதுதான். சதையே இல்லாமல், செல் அடுக்கையும் அது ஒட்டியிருக்கும் சவ்வையும் மட்டும் வைப்பது. தடிமன் பத்து, பதினைந்து மைக்ரான்தான். வெங்காயத் தோல் உலர்ந்தால் சுருள்வதுபோலத் தானாகச் சுருட்டிக்கொள்ளுமாம், நீலச் சாயம் ஏற்றிக் கண்ணுக்குள் வைத்துத் தட்டித் தட்டி விரிக்கிறார்கள். இதிலும் பிளஸ் பக்கம் சாய்வு உண்டு, ஆனால் குறைவு, சராசரியாக அரை டயாப்டர். வீக்கம் வடிந்ததும் கருவிழியின் பின்வளைவு மாறுவதால் வருவது.

அந்த டாக்டர் முதலில் கேட்ட கேள்வி லென்ஸைப் பற்றியதே இல்லை. "நாள் பூராவும் என்ன செய்வீர்கள்?" மெய்ப்புப் பார்ப்பேன் என்றேன். அப்படியானால் படிக்கும் தூரத்துக்கே, மைனஸ் இரண்டரையில் வைக்கலாமே என்று எனக்கே ஆசை வந்தது. அவர் தலையாட்டவில்லை. வலது பிளஸ் ஒன்றேகால், இடது மைனஸ் இரண்டரை என்றால் நடுவில் மூன்றேமுக்கால் வித்தியாசம். கண்ணாடி போட்டால் ஒரு கண்ணில் எழுத்து பெரிசு, மறு கண்ணில் சிறிசு, தலை சுற்றும் என்றார். கடைசியில் மைனஸ் ஒன்றேகாலுக்குக் குறிவைத்தோம், மைனஸ் முக்காலில் வந்து நின்றது. அவர் சொன்ன அந்த அரை, துல்லியமாக. இப்போது கைபேசியைக் கை நீட்டிப் படித்துவிடுகிறேன். புரூஃபுக்குக் கண்ணாடி வேண்டும். ஆக, வலது கண்ணில் நடந்த தப்பு இடது கண்ணின் தேர்வையும் சேர்த்துக் கெடுத்தது.

உனக்கு அந்தத் தொல்லை இல்லை. இரண்டு கண்ணும் இன்னும் கத்தி படாதவை. இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீ மல்டிஃபோகல் பற்றிக் கேட்டிருந்தாய். "இனி கண்ணாடியே வேண்டாமாம்" என்று எழுதி, பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறி வேறு. பள்ளிக்கூடத்தில் உன்னைச் 'சோடாபுட்டி' என்று கூப்பிட்டவர்களில் நானும் ஒருவன், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக இந்த வயதில் பழிதீர்க்காதே. மல்டிஃபோகல் என்பது உள்ளே வரும் வெளிச்சத்தைப் பங்கு போடும் லென்ஸ். ஒரு பங்கு தூரத்துக்கு, ஒரு பங்கு பக்கத்துக்கு. பங்கு போட்டால் ஒவ்வொன்றும் கொஞ்சம் வெளிறித்தான் தெரியும், இரவில் விளக்கைச் சுற்றி வளையம் வரும். கண்ணாடி மாதிரி சுத்தமான கருவிழி இருப்பவன் அதைத் தாங்கிக்கொள்வான். நம் கருவிழி எத்தனையோ வருஷம் ஊறிக் கிடந்தது. புதுப் படலம் நன்றாக ஒட்டினாலும் முன்பக்கத்தில் லேசான மங்கலும், பின்பக்கத்தில் மேடுபள்ளமும் கொஞ்சம் மிச்சமிருக்கும். ஏற்கெனவே சிதறும் வெளிச்சத்தை இன்னொரு தடவை பங்கு போடுவானேன்? டிமெக் நோயாளிகளில் ஆளைப் பொறுக்கி, குவியத்தை நீட்டித் தரும் வகை லென்ஸை வைப்பவர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் நமக்கு ஒரே தூரத்துக்கு மட்டும் குவியும் சாதாரண மோனோஃபோகல்தான்.

மோனோஃபோகலில் எந்தப் பொருள் என்று கட்டாயம் கேள். இதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். படலம் ஒட்டிப் பிடிப்பதற்காகக் கண்ணுக்குள் காற்றோ வாயுவோ நிரப்புவார்கள். அது பட்டால், தண்ணீரை உறிஞ்சும் வகை அக்ரிலிக் லென்ஸில் நாளடைவில் சுண்ணாம்பு படிந்து, நடுவில் வெள்ளை மூட்டம் விழுந்துவிடுகிறது. துடைக்க முடியாது, லென்ஸையே எடுத்து வேறு மாற்ற வேண்டும். புதுக் கருவிழி அதில் படும் அடியை யோசித்துப் பார். படலம் சரியாக ஒட்டாமல் இரண்டாவது தடவை காற்று ஏற்ற வேண்டி வந்தால் இந்த ஆபத்து இன்னும் கூடும், அப்படி ஏற்றுவது அபூர்வமும் இல்லை. தண்ணீரை ஒட்டவிடாத ஹைட்ரோஃபோபிக் வகையா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடு. என் இடது கண்ணில் இருப்பது அதுதான்.

சிலிண்டர் பவருக்கு, அதாவது கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றுபோல இல்லாததற்கு, அதைச் சரிக்கட்டும் டோரிக் லென்ஸ் வைக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். டிமெக் கருவிழியின் முன்பக்கத்தை அதிகம் தொடாது. அதனால் உன் சிலிண்டர் பெரியதாக, ஒழுங்கான வடிவத்தில், பல தடவை அளந்தும் ஒரே கோணத்தில் வந்தால் வைக்கலாம். வீங்கிய கருவிழி அளவில் பொய் சொல்லும், ஒரே நாள் அளவை நம்பி முடிவு செய்யாதே. முழுக் கருவிழியையும் வட்டமாக வெட்டி மாற்றித் தையல் போடும் பழைய முறை என்றால் விஷயமே வேறு. தையல்களை எல்லாம் எடுத்து முடிக்கவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும், அதற்குள் சிலிண்டர் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே அதே நாளில் டோரிக் வைப்பது கண்ணை மூடிக்கொண்டு அம்பு விடுவது. கருவிழி ஆறியபிறகு புரையைத் தனியாக எடுப்பவர்களும் உண்டு.

வைத்தபிறகு வெளியிலிருந்து புற ஊதா ஒளி காட்டிப் பவரைத் திருத்தும் லென்ஸ் ஒன்றுக்கு 2017-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நம் மாதிரி ஆட்களுக்காகவே யோசித்ததுபோலத்தான் இருக்கிறது. உன் டாக்டரிடம் அது இருந்தால் கேட்டுப் பார், இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்காதே.

இப்போது எனக்கு முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். நீ பள்ளிக்கூடத்திலிருந்தே மைனஸ் மூன்றுக்காரன். கண்ணாடியைக் கழற்றி நெற்றிமேல் ஏற்றிவிட்டு, புத்தகத்தைக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவந்து படிப்பாய். படுத்துக்கொண்டு படிப்பதும் அப்படித்தான். ஊசியில் நூல் கோப்பதும், கையில் ஏறிய முள்ளை எடுப்பதும் கண்ணாடி இல்லாமல்தான். உன்னிடம் கேட்காமலே பூஜ்யத்துக்குக் குறிவைத்தால், தூரத்துப் பெயர்ப்பலகை தெரியும், ஆனால் இத்தனை வருஷமாக இனாமாகக் கிடைத்த, பக்கத்தில் இருப்பதைக் கண்ணாடி இல்லாமல் பார்க்கும் வசதி அன்றோடு போய்விடும். நம் செட்டில் உன்னை மாதிரி ஒருவர் எனக்குத் தெரியும். ஆபரேஷன் பிரமாதம், ஆனால் மாத்திரை அட்டையைக்கூடக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை என்று இன்றுவரைக்கும் புலம்புகிறார். உனக்கு இரண்டு கண்ணையும் மைனஸ் இரண்டு, இரண்டரையில் நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம். நடக்க, வண்டி ஓட்டக் கண்ணாடி போட்டுக்கொள்வாய், அதுதான் உனக்குப் பழக்கமும். எங்கே நிற்க வேண்டுமோ அதைவிட அரை டயாப்டர் மைனஸில் குறிவைக்க வேண்டும் என்பதை மட்டும் டாக்டருக்கு ஞாபகப்படுத்து. முதல் கண் எங்கே போய் நிற்கிறது என்று இரண்டு, மூன்று மாதம் பார்த்துவிட்டு, இரண்டாவதை அதற்கேற்றாற்போல் திருத்திக்கொள்ளச் சொல்.

ஆபரேஷனுக்குப் பிறகு மல்லாந்து, கூரையைப் பார்த்தபடி கிடக்க வேண்டும். உள்ளே இருக்கும் குமிழ் மேல்நோக்கி மிதந்து படலத்தை அழுத்திப் பிடிப்பதற்காக. எழுந்து உட்கார்ந்தால் பார்வைக்குக் குறுக்கே கொத்தனாரின் ரசமட்டம்போல ஒரு கோடு ஆடும், பயப்படாதே. நாளாக ஆகக் குமிழ் சுருங்கிக் காணாமல் போகும். வாயு கரையும்வரைக்கும் விமானம் ஏறக் கூடாது. உன் மகள் டிக்கெட் போட்டுவிட்டாள் என்றாயே, முதலில் அதை மாற்றச் சொல். சொட்டு மருந்து மாதக்கணக்கில் இருக்கும், தானாக நிறுத்தாதே.

இப்போது ஒரு வேலை. நீ வழக்கமாகப் படிக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கம்போல ஒரு புத்தகத்தைப் பிடித்துக்கொள். யோசித்துச் சரிசெய்யாதே, கை எங்கே பிடிக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். பக்கத்திலிருப்பவரை விட்டுக் கண்ணுக்கும் தாளுக்கும் நடுவில் டேப் வைத்து அளக்கச் சொல். நூறைச் சென்டிமீட்டரால் வகுத்தால் வருவது உனக்கு வேண்டிய மைனஸ். நாற்பது வந்தால் இரண்டரை, ஐம்பது வந்தால் இரண்டு. அந்த எண்ணை ஒரு சீட்டில் குறித்து டாக்டரிடம் கொடு. எனக்கும் எழுது, இந்தத் தடவை பத்து நாள் ஆக்காமல் பதில் போடுகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்