வடிவமைப்புத் துறைக்குச் செல்லவிருக்கும் பிள்ளைகளுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பரீட்சை எழுதிய எங்கள் அயல் வீட்டுப் பிள்ளைகள் இருவர், வடிவமைப்புக் கற்கைநெறிக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டு அண்மையில் வந்திருந்தனர். தென்னிலங்கையில் நான்கு ஆண்டுகள் அத்துறையைக் கற்று முடித்துப் பட்டமளிப்புக்காகக் காத்திருக்கும் யாழ்ப்பாணத்து மாணவி என்ற வகையில், அவர்களுக்குச் சொன்னவற்றைத் தங்கள் பத்திரிகை வாயிலாக ஏனையோருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அனுமதி கிடைத்த கையோடு நகையை அடகு வைத்து விலைகூடிய மடிக்கணினி வாங்கிக் கொடுக்காதீர்கள். என் அம்மா தன் காப்பை அடகு வைத்தார். ஆனால் முதலாம் ஆண்டின் பெரும்பகுதி கடதாசி, பென்சில், மட்டை, வெட்டுக்கத்தி ஆகியவற்றுடனேயே கழிந்தது. மென்பொருளைச் சில மாதங்களில் பழகிக்கொள்ளலாம், ஒரு பொருளை உற்றுப் பார்த்து வரையும் பழக்கம் அவ்வளவு விரைவில் வராது. இக்கற்கைநெறிக்கு மாணவரைத் தெரிவதற்கான உளச்சார்புப் பரீட்சைக்கும் அப்பழக்கமே கைகொடுக்கும். ஆகவே, அடுக்களையிலுள்ள சுளகையோ கடகத்தையோ முன்னால் வைத்து, ஓலை எங்கே மடிகிறது, விளிம்பில் நார் எப்படிப் பொத்தப்பட்டிருக்கிறது என்று பார்த்து, நாளுக்கொன்றாக இப்போதே வரையத் தொடங்குங்கள்.

இரண்டாம் ஆண்டில், கிளினிக்கில் குளிசை போட்டுக் கொடுக்கும் சிறிய கடதாசி உறையை மீள வடிவமைப்பது எனது ஒப்படையாக இருந்தது. ஆங்கிலத்தில் அழகாக அமைத்து முடித்த பின்னர், மிஞ்சிய இடத்தில் தமிழை நெருக்கிப் புகுத்தினேன். விடுமுறையில் அதை அம்மம்மாவிடம் காட்டியபோது, அவர் கையை நீட்டிப் பிடித்து, யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இதிலை எது காலமை, எது இரவுக்கு?" என்று கேட்டார். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தினமும் மருந்து எடுக்கும் ஒருவருக்கு விளங்காத உறையை நான் செய்திருந்தேன் என்பது அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது. தமிழை முதலில் எழுதி, பெரிய எழுத்தில், சூரியனையும் பிறையையும் வரைந்து மறுபடி செய்தேன். ஐந்தாவது தடவைதான் அவர் தலையசைத்தார்.

அதன் பிறகே தமிழ் எழுத்தை ஒழுங்காகக் கவனிக்கத் தொடங்கினேன். ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளியைத் தமிழுக்கும் விட்டால், மேல் வரியிலுள்ள 'மு', 'ழு' ஆகியவற்றின் அடிப்பகுதி, கீழ் வரியிலுள்ள 'கீ', 'தீ' ஆகியவற்றின் மேற்சுழியில் முட்டிக்கொள்ளும். தமிழ்ச் சொற்களும் பெரும்பாலும் நீளமானவை. பெயர்ப்பலகைகளிலும் அரச படிவங்களிலும் தமிழ் நசுங்கிக் கிடப்பதற்கு, அதைக் கடைசியில் சேர்க்கும் இந்த வழக்கமும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன். 1841இல் 'உதயதாரகை' பத்திரிகை வெளிவந்த, 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவிய மண்ணிலிருந்து செல்லும் பிள்ளைகள் இதைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஈய எழுத்துக் கோத்துப் பழகிய முதியவர்கள் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். புறப்படுவதற்கு முன் அவர்களில் ஒருவரைத் தேடிச் சென்று ஒரு பின்னேரமாவது பேசிவிட்டுச் செல்லுங்கள்.

விமர்சன வகுப்புகளில் உங்கள் வேலையைச் சுவரில் ஒட்டி, எல்லோர் முன்னிலையிலும் குறை சொல்வார்கள். முதல் தடவை நான் விடுதிக்கு வந்து அழுதேன். ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தடுமாறியதும் அதற்கு ஒரு காரணம். அதனால், சொல்ல வேண்டியதை முதல்நாள் இரவே தமிழில் எழுதி ஒழுங்குபடுத்திக்கொண்டு, அதன் பின் ஆங்கிலத்தில் பேசிப் பார்த்துப் பழகினேன். மூன்றாம் ஆண்டில் இந்தப் பழக்கத்தைப் பற்றி என்னிடம் கேட்டவர்களில் சிங்கள மாணவர்களும் இருந்தனர்; அவர்களும் அதே முறையில் தங்கள் மொழியில் எழுதத் தொடங்கினார்கள்.

இங்ஙனம்,
வடிவமைப்பு மாணவி,
கோண்டாவில்.