‘நீங்கள்’ என்றே எழுதுகிறேன், கேரி அண்ணா

அன்புள்ள கேரி கோல்மன் அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தை முதலில் ‘நீ’ போட்டுத்தான் ஆரம்பித்தேன். இரண்டு பத்தி போனதும் கை நின்றுவிட்டது. நீங்கள் பிறந்தது 1968. நான் 1976. எட்டு வயது மூத்தவரை யாராவது ‘நீ’ என்பார்களா? என்னைவிட ஒன்றரை வயதே மூத்த அக்காவை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே அம்மா முறைப்பாள். ஆனால் டிவித் தொடரில் நடித்த உங்களை மட்டும் ‘அந்தப் பொடியன்’, ‘வந்துட்டான் பாரு’ என்றுதான் வீடே சொல்லிக்கொண்டிருந்தது. இங்கிலீஷில் எல்லோருக்கும் ஒரே ‘யூ’. அதனால் உலகம் உங்களை எப்படிக் கூப்பிட்டது என்பது உங்கள் காதில் விழுந்திருக்காது. தமிழில் பளிச்சென்று தெரியும். 42 வயதில் நீங்கள் இறந்த செய்தி வந்த அன்றும் அம்மா போனில் கேட்டது, “அந்தப் பையனா செத்துட்டான்?” என்றுதான்.

எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு, ‘நீங்கள்’ போட்டு மறுபடியும் எழுதுகிறேன். எனக்கு இப்போது ஐம்பது நெருங்குகிறது. கணக்குப்படி உங்களைத் தாண்டி வந்துவிட்டேன். இருந்தாலும் அண்ணன் அண்ணன்தான்.

1985-இல் நாங்கள் நியூயார்க் வந்தோம். குவீன்ஸில், ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு. யாரோ வேண்டாம் என்று தெருவோரம் வைத்துவிட்டுப் போன டிவியை அப்பா தோளில் சுமந்துகொண்டு வந்தார். சேனல் மாற்றும் குமிழ் உடைந்துபோய், வெறும் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். குறடால் பிடித்துத் திருக வேண்டும். குறடு யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் வீட்டில் அதிகாரம். பள்ளி விட்டு வந்ததும், நீங்கள் ஆர்னால்டாக நடித்த ‘டிஃப்ரண்ட் ஸ்ட்ரோக்ஸ்’ நகைச்சுவைத் தொடரின் மறு ஒளிபரப்பு வரும். அந்த அரை மணி நேரம் மட்டும் எனக்கும் அக்காவுக்கும் குறடுச் சண்டை கிடையாது.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் உங்கள் கதையை எங்கள் எல்லோருக்கும் முன்னால் பிடித்துக்கொண்டவள் அவள்தான். பணக்கார வீட்டில் வேலை பார்த்த ஒருத்தி செத்துப்போகிறாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் ஹார்லெமிலிருந்து கூட்டிவந்து, சொந்தப் பிள்ளைகளைப்போல முதலாளி வளர்க்கிறார். பிள்ளைகள் கறுப்பினம், முதலாளி வெள்ளைக்காரர். அந்த நிறக் கதை எங்களுக்குப் பிடிபட இன்னும் சில வருடம் ஆனது. அம்மா அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. “தாயில்லாப் புள்ளைங்க” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, சுளகில் அரிசியைப் புடைத்தபடி நீங்கள் சிரிக்கும்போது சிரித்தாள்.

அப்புறம் அந்த வசனம். “வாட்சு டாக்கின் பவுட், வில்லிஸ்?” அதில் வசனத்தைவிட அதற்கு முந்தைய இடைவெளிதான் பெரிசு. அண்ணன் வில்லிஸ் ஏதோ சொல்வான். நீங்கள் உடனே பதில் சொல்ல மாட்டீர்கள். கண்ணைச் சுருக்கி, கீழுதட்டைப் பிதுக்கி, கழுத்தை மெதுவாக அவன் பக்கம் திருப்புவீர்கள். அரங்கு அப்போதே சிரிக்க ஆரம்பித்துவிடும். சிரிப்பு ஏறி, உச்சம் தொட்டு, இறங்கத் தொடங்குகிற அந்த நொடியில் வார்த்தையை விடுவீர்கள். பத்து வயதில் அது எப்படித் தெரிந்தது? முதலாளியாக நடித்த, மேடையில் பழுத்த கான்ராட் பெய்ன் பக்கத்தில் நின்றுகொண்டு, அவருக்கு வரவேண்டிய கைத்தட்டலையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனீர்கள். எங்கள் வீட்டில் அது “என்ன சொல்றே நீ, வில்லிஸ்?” என்று ஆனது. ஒரு தடவை வாய் தவறி அப்பாவிடம் சொல்லிவிட்டேன். குறடு ஒரு வாரம் பறிமுதல்.

உங்கள் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று நான் அடம்பிடித்ததில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களை 7-ஆம் நம்பர் ரயிலில் கிராண்ட் சென்ட்ரலுக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்து பார்க் அவென்யூவில் நடை. காவலாளி நிற்கும் வாசல்கள், வரிசையாக உயர்ந்த கட்டடங்கள். எனக்குக் கால் வலி எடுத்த இடத்தில் அப்பா நின்று, ஒரு கட்டடத்தின் உச்சியைக் காட்டி, “அதோ, அதுதான். விளக்கு எரியுது பாரு” என்றார். நானும் அக்காவும் கையாட்டினோம். தொடர் எடுக்கப்பட்டது லாஸ் ஏஞ்சலஸில், அந்த மாடி வீடு ஒரு பக்கம் சுவரே இல்லாத செட் என்பதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. அப்பாவுக்கு அப்போதே தெரியுமா என்று நான் கேட்டதில்லை.

தொடர் 1978 நவம்பரில் தொடங்கி 1986 மார்ச் வரை ஓடியது. 8 சீசன். தொடங்கும்போது உங்களுக்குப் பத்து வயது, கதையில் ஆர்னால்டுக்கு எட்டு. முடியும்போது உங்களுக்குப் பதினெட்டு. ஆர்னால்டு மட்டும் வளரவேயில்லை. ஏன் வளரவில்லை என்பது அன்றைக்கே பத்திரிகைகளில் வந்ததுதான். பிறவியிலேயே சிறுநீரகக் கோளாறு. ஐந்து வயதில், 1973-இல், முதல் மாற்றுச் சிறுநீரகம். 1984-இல் இரண்டாவது. இரண்டும் கைவிட்டன. நோயும் மருந்தும் சேர்ந்து உங்களை 4 அடி 8 அங்குலத்தில் நிறுத்திவிட்டன. இதெல்லாம் எனக்கும் தெரியும், ஒரு தகவலாக. பொது அறிவு மாதிரி.

2015-இல் அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகுதான் தகவல் உடம்பானது.

வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். போனதும் எடை பார்ப்பார்கள், முடிந்ததும் எடை பார்ப்பார்கள். நடுவில் குறைந்தது முழுக்கத் தண்ணீர். இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்த ஃபிஸ்டுலா. அதன்மேல் விரலை வைத்தால் பூனை உறுமுவதுபோல அதிரும். அப்பா பேரனைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்வார், ஏதோ வித்தை காட்டுகிற மாதிரி. வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, தக்காளி ரசம் கூடாது. தாகத்துக்கு ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, அது கரைகிறவரை கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். முடிந்து வரும்போது பிழிந்து போட்ட வேட்டி மாதிரி இருப்பார். காரில் பேச மாட்டார். யாராவது “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் எரிந்து விழுவார். வாழ்க்கையில் யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர்.

அப்போதுதான் உங்கள் ஞாபகம் வந்தது. எழுபதைத் தாண்டிய ஒருவரை இப்படிச் சக்கையாக்குகிற உபாதையோடு, ஒரு பிள்ளை கேமரா முன்னால் நின்று கன்னத்தை உப்பிச் சிரிக்க வைத்திருக்கிறது. அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, பழைய பகுதிகளை போனில் பார்க்க ஆரம்பித்தோம். முதல் சீசன்கள் இன்றைக்கும் பிரமாதம். ஆபிரகாம் என்று பெயர் வைத்த தங்கமீனிடம் நீங்கள் மனம்விட்டுப் பேசுவதை அப்பா இரண்டு முறை போடச் சொன்னார். கடைசி சீசன்களை என்னால் பார்க்க முடியவில்லை. முகத்தில் பதினேழு வயது தெரிகிறது. வசனம் சின்னப் பிள்ளைக்கு எழுதியது. சிரிப்பு மட்டும் அதே இடத்தில் வருகிறது.

பணக் கதையை நீட்டப்போவதில்லை. உச்சத்தில் ஒரு பகுதிக்கு 1,00,000 டாலர் வாங்கினீர்கள் என்று எழுதினார்கள். 1989-இல், உங்கள் பெயரிலிருந்த அறக்கட்டளைப் பணத்தைக் கையாடியதாக உங்களை வளர்த்த பெற்றோர்மீதும் பழைய ஆலோசகர்மீதும் வழக்குப் போட்டீர்கள். 1993-இல் 12.8 லட்சம் டாலர் தீர்ப்பானது. சாப்ளினோடு சிறுவனாக நடித்த ஜாக்கி கூகனின் சம்பாத்தியத்தை வீட்டுக்காரர்களே கரைத்ததால் கலிபோர்னியா 1939-இலேயே சட்டம் போட்டிருந்தது. அதன் ஓட்டைகளை அடைத்து, குழந்தை சம்பாதிப்பது குழந்தைக்கே சொந்தம், 15 சதவீதம் தனிக்கணக்கில் போட்டே ஆக வேண்டும் என்ற திருத்தம் 2000 ஜனவரியில் அமலுக்கு வந்தது. நீங்கள் திவால் மனு கொடுத்தது 1999 ஆகஸ்டில். அப்போதும் பழியை நீங்கள் ஒருவர் தலையில் கட்டவில்லை. என்னில் தொடங்கி, கணக்கர், பெற்றோர், ஏஜெண்ட், வக்கீல் என்று சுற்றி மறுபடி என்னிடமே வந்து நிற்கிறது என்று சொன்னீர்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

1998-இல் செக்யூரிட்டி வேலையில் இருந்தபோது, கையெழுத்துக் கேட்டு வந்த ஒரு பெண்ணோடு வாக்குவாதமாகி அவரை அடித்துவிட்டீர்கள். தப்பு தப்புதான், அண்ணா. நீதிமன்றத்தில் அதற்குரியதைக் கட்டினீர்கள். ஆனால் அந்தச் செய்தி வந்த அன்று அலுவலகத்தில் நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்கு யாரும் அபராதம் போடவில்லை. சீருடை போட்ட குள்ளமான செக்யூரிட்டி என்று ஆளாளுக்கு நடித்துக் காட்டினோம். நானும்தான். கழுத்தைத் திருப்பி, உதட்டைப் பிதுக்கி, உங்கள் வசனத்தையே சொன்னேன். நன்றாக வந்தது. சின்ன வயதிலிருந்து செய்த பயிற்சி அல்லவா.

2003-இல் கலிபோர்னியா கவர்னர் பதவிக்கு நடந்த திடீர்த் தேர்தலிலும் அதே கதை. அப்போது நான் சான் ஹோசேயில் இருந்தேன். வாக்குச்சீட்டில் 135 பெயர், அதில் உங்களுடையதும் ஒன்று. அங்கத்து வாரப் பத்திரிகை ஒன்று நையாண்டியாக உங்களை இறக்கிவிட்டிருந்தது. “ஆர்னால்டுக்குப் போடுவேன், எந்த ஆர்னால்டுன்னு சொல்ல மாட்டேன்” என்று நண்பன் சொல்ல, அதற்கும் ஒரு சிரிப்பு. ஜெயித்தது அந்த ஆர்னால்டு, ஸ்வார்ஸ்நெகர். நீங்கள் 14,242 வாக்குகளோடு எட்டாவது இடம். அதில் என் வாக்கு இல்லை. அதே வருடம் பிராட்வேயில் வந்த ஒரு பொம்மை நாடகத்தில், குடியிருப்பைப் பராமரிக்கிற ஆளுக்கு உங்கள் பெயரையே வைத்து, வாழ்ந்து கெட்டவன் என்று ஆட வைத்தார்கள். உயிரோடு இருக்கிற ஒருவரின் பெயரை!

உங்கள் அக்காவாக நடித்த டேனா பிளேட்டோ 1999-இல், 34 வயதில், மருந்தளவு மிஞ்சிப் போய்விட்டார். வில்லிஸாக நடித்த டாட் பிரிட்ஜஸ் போதையில் விழுந்து, சிறை, வழக்கு எல்லாம் பார்த்து, 1993-லிருந்து அதைத் தொடாமல் இருக்கிறார். மூன்று பேரையும் சேர்த்துச் ‘சாபம் பிடித்த தொடர்’ என்று எழுதுவது ஒரு வாடிக்கை. சாபமாம். செய்தவர்கள் பெயரைச் சொல்லாமல் தப்பிக்க இதைவிட வசதியான சொல் உண்டா?

உங்களுக்கு ரயில் பொம்மைகள்மேல் உயிர் என்று படித்திருக்கிறேன். ரயிலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே மாடல் ரயில் கடைகளில் வேலை பார்த்திருக்கிறீர்கள். நீங்கள் பிறந்த இல்லினாய் ஸயானில், மிச்சிகன் ஏரியை ஒட்டி சிகாகோ ரயில் இன்றைக்கும் போகிறது. அந்தக் கடையில் ஒரு வேலைநாளில் நீங்கள் எப்படி இருந்திருப்பீர்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். தண்டவாளத்தைப் பொருத்தி, பெட்டியின் கொக்கியை நகத்தால் நெம்பி மாட்டி, மின்சாரத்தைத் திருகிவிட்டு, வண்டி வளைவில் சாயாமல் போகிறதா என்று மேஜை மட்டத்துக்குக் குனிந்து பார்க்கிற ஒருவர். அந்த வேலையில் முகத்துக்கு வேலையில்லை.

2010 மே 26, யூட்டாவில் உங்கள் வீட்டில் விழுந்தீர்கள். மண்டைக்குள் ரத்தக் கசிவு. 28-ஆம் தேதி முடிந்துவிட்டது. அதன் பிறகு இறுதிச் சடங்கும் சண்டையில் சிக்கியது. 1999-இல் நீங்கள் எழுதியிருந்த உயில் ஒன்று அப்போது வெளியே வந்தது. என்னோடு பணத் தொடர்பு எதுவும் இல்லாதவர்கள், ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து, கேரிமேல் எனக்கு உண்மையிலேயே அக்கறை இருந்தது என்று சொல்லக்கூடியவர்கள், அவர்கள் நடத்தட்டும் என்று கேட்டிருந்தீர்கள்.

எனக்கு உங்களோடு பணத் தொடர்பு இல்லை. நடுவில் வந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அம்மாவை நச்சரித்து வாங்கிய சர்க்கரை சீரியல் பெட்டிகளைக் கணக்கில் சேர்க்காவிட்டால். இரண்டாவது நிபந்தனையில்தான் தடுமாறுகிறேன். 1998 அலுவலகச் சிரிப்பை வைத்துக்கொண்டு யார் கண்ணைப் பார்ப்பது?

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2016 குளிர்காலம். அப்பாவுக்கு அன்று மூன்றாவது மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கால் பிடித்துக்கொண்டதால் நான் ஆடுசதையை நீவிக்கொண்டிருந்தேன். போனில் தங்கமீன் பகுதி. அப்பா இயர்போனைக் கழற்றிவிட்டு, “இந்தப் பையன் இப்ப என்னடா பண்றான்?” என்றார்.

“ரயில் பொம்மைக் கடையில வேலை பாக்கறார்ப்பா” என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார்.

“நல்ல வேலைதான். நின்னுக்கிட்டே பாக்கணுமா, உட்கார விடுவாங்களா?”

“உட்கார விடுவாங்கப்பா.”

“அப்ப சரி” என்று இயர்போனை மறுபடி மாட்டிக்கொண்டார்.

அன்புடன்,
குவீன்ஸிலிருந்து கையாட்டிய தம்பி