தொட்டால் நிற்கும் கடிகாரம்

காவேரிப்பட்டணம்,
ஜூலை 12

அன்புள்ள தம்பிக்கு,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். செஸ் ஆடும் இரண்டு பேரின் நேரத்தையும் தனித்தனியாக எண்ணும் கடிகாரத்துக்குப் போனிலேயே ஆப் இருக்கிறதே, அதை நீயே செய்கிறேன் என்று ஏன் சால்டரிங் அயர்னைத் தூக்குகிறாய் என்று கேட்டாய் அல்லவா, அதற்குப் பதில் இது.

நம் திண்ணைக்குச் சாயங்காலம் விளையாட வரும் பிள்ளைகளை உனக்கே தெரியும். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது பிடித்த பைத்தியம், குகேஷ் உலக சாம்பியன் ஆனதும் முற்றிப்போய்விட்டது. நடுவில் போனை வைத்தால் பாதி ஆட்டத்தில் யாராவது கூப்பிடுவார்கள். ஆட்டம் முடிந்தால் அதைத் திருப்பிக் கொடுக்க ஒருத்தருக்கும் மனசு வராது. சாவி கொடுக்கும் பழைய கடிகாரத்தின் தொல்லை வேறு. காயை நகர்த்தியவர் தன் பக்கத்துக் கட்டையை அமுக்கினால் அவர் நேரம் நின்று எதிராளி நேரம் ஓடும். ஆனால் இரண்டு பக்கமும் தனித்தனி இயந்திரம். ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். எதிர்வீட்டுப் பெண் ஐந்தாம் வகுப்புதான் படிக்கிறாள். அவள் அமுக்கினால் சில சமயம் கட்டை முழுசாக இறங்காது. எதிரே இருக்கும் பையன் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பான், அவள் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான், கட்டைக்குப் பதில் தொட்டாலே போதும் என்று டச் சென்சார் வைக்க முடிவு செய்தேன்.

நீ வாங்கி அனுப்பிய ஆர்டுயினோ நானோ என்ற குட்டிக் கணினிப் பலகை, டிடிபி223 என்ற டச் சென்சார் இரண்டு, நான்கு இலக்க டிஸ்ப்ளே இரண்டு, ஒலி எழுப்பும் பஸ்ஸர் ஒன்று. அவ்வளவுதான் சாமான். சென்சாருக்கு மூன்றே வயர். விரல் பட்டதும் அதில் உள்ள செப்புத் தகட்டின் மின்தேக்குத்திறன், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறன், துளி கூடும், சிப் அதை மோப்பம் பிடித்துவிடும். மெல்லிய அக்ரிலிக் தகட்டுக்கு அடியில் ஒட்டினாலும் வேலை செய்கிறது. ஓங்கி அடித்தாலும் ஒன்றுதான், பூப்போலத் தொட்டாலும் ஒன்றுதான்.

ஆனால் அது கொஞ்சம் அவசரக்குடுக்கை. விரல் படுவதற்குக் கொஞ்சம் முன்பே மாறிவிடுகிறது. உலக செஸ் அமைப்பான ஃபிடேயின் விதிப்படி விரலைக் கடிகாரத்தின் மேல் தயாராக நிறுத்திவைக்கவே கூடாது. நம் பிள்ளைகளோ அதைத்தான் செய்வார்கள். சின்ன கெபாசிட்டர் ஒன்றைச் சேர்க்க அந்தப் பலகையிலேயே இடம் விட்டிருக்கிறார்கள். 50 பிகோஃபாரட் (கெபாசிட்டரின் அளவு) வரை போடலாம், கூட்டக் கூட்டத் தொடுதலை உணரும் வேகம் அடங்கும். போட்டேன், அடங்கிவிட்டது. காயை நகர்த்திய கையாலேயே தொட வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. எந்தக் கை என்று சென்சாருக்கு எப்படித் தெரியும்? அதற்கு நான்தான் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருக்கிறேன்.

மலிவான சார்ஜரில் போட்டால் தொடாமலே பக்கம் மாறுகிறது. கரண்டோடு வரும் இரைச்சல்தான் காரணம். மூன்று பென்சில் செல்லில் ஓட்டினால் அந்த வம்பே இல்லை. ஆன் செய்யும்போது கையை மேலே வைத்திருக்கக் கூடாது, வைத்தால் அதையே தொடாத நிலை என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம், இது மாங்காய் சீசன். கிளிமூக்கு மாங்காயை உப்புக்காரத்தில் தோய்த்துத் தின்றுவிட்டு அப்படியே வருகிறார்கள். தகட்டில் ஈரம் சொட்டி நின்றால் அதையும் விரல் என்று நினைத்துவிடும். கை துடைக்காமல் ஆட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

புரோகிராமை நிறுத்திக் காக்கவைக்கும் டிலே போட்டு விநாடி எண்ணக் கூடாது, ஓடிய மில்லிவிநாடியைச் சொல்லும் மில்லிஸை வைத்துக் கழிக்க வேண்டும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. நானோவில் நேரத்துக்குத் தாளம் போடும் ரெசனேட்டர் அரை சதவீதம் வரை தப்பலாம், அதாவது பத்து நிமிடத்தில் 3 விநாடி. தப்பட்டும். இரண்டு பேருக்கும் எண்ணுவது அதே ஒன்றுதானே, ஒருத்தர் விநாடி நீளம், ஒருத்தர் விநாடி குட்டை என்று ஆகாது. எனக்கு வேண்டியது அதுதான். எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கத்துத் தொடுதலை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருக்கிறேன், பதற்றத்தில் இரண்டு முறை தொட்டாலும் கெடாது. கட்டை இல்லாததால் பட்டதா இல்லையா என்று எதிர்வீட்டுப் பெண்ணுக்குச் சந்தேகம் வந்துகொண்டே இருந்தது. அதற்குத்தான் பஸ்ஸர். 'டிக்' என்றதும் கையை எடுத்துவிடுகிறாள்.

இன்னும் ஒன்று பாக்கி. நகர்த்தலுக்கு நகர்த்தல் சில விநாடி கூட்டித் தரும் முறை, முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர் 1989-ல் காப்புரிமை வாங்கியது. ராணி கூடுதலாக வைத்திருப்பவள் நேரம் போய்த் தோற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. 10 நிமிடம், நகர்த்தலுக்கு 5 விநாடி என்று வைக்கப்போகிறேன். நேரத்தை மாற்றும் பட்டன் மட்டும் பின்பக்கம், சாதாரணமாக அமுக்குவது. அதையும் டச்சாக வைத்தால் இதுகள் சும்மா விடுமா?

ஆடிப் பதினெட்டுக்கு வருவாய் அல்லவா, வரும்போது பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் இன்னும் இரண்டு சென்சாரும் நல்ல அமுக்குப் பட்டன் நாலும் வாங்கி வா. இரண்டாவது கடிகாரத்துக்கு இப்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது. லேப்டாப்பையும் எடுத்து வா, அந்த 5 விநாடியைச் சேர்த்துவிட்டு நீ ஊருக்குப் போகலாம்.

அன்புடன்,
அம்மா