ஃபெக்னரை ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள்

உளவியலுக்கும் நுண்கலைக்கும் தமிழில் பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். 'பொன் விகிதச் செவ்வகமே (நீளம் அகலத்தைப் போல் சுமார் 1.618 மடங்கு) கண்ணுக்கு இனியது என்று ஃபெக்னர் நிறுவினார்' என்று எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடாதீர்கள். அழகியல் சோதனையிலிருந்து கலை உளவியல் கிளைத்த கதையே அதில் அமுங்கிப்போகிறது.

ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து உளவியல் அறிஞர் குஸ்தாவ் ஃபெக்னர் 1876இல் வெளியிட்ட சோதனை அது. பரப்பு ஒன்றே, நீள அகல விகிதம் மட்டும் வேறான பத்து வெள்ளை அட்டைகள். சதுரம் முதல் 5:2 வரை. பொன் விகிதத்துக்கான 34:21 அட்டையை விரும்பியவர்கள் சுமார் 35 விழுக்காடுதான். அதன் இருபக்கத்து அட்டைகளையும் சேர்த்தால்தான் முக்கால்வாசி வரும்.

மாணவர்களே செய்து பார்க்கட்டும். 64 சதுர செ.மீ. பரப்புக்குச் சதுரம் 8×8, பொன் விகிதம் 6.29×10.18, கடைசி அட்டை 5.06×12.65. பரப்பு பிசகினால், பிடித்தது விகிதமா, அட்டையின் பெரிய அளவா என்று பிரிக்க முடியாது. ஆளுக்கு ஆள் அட்டைகளைக் கலைத்துப் போட வேண்டும். அடுத்து, சதுரத்தை ஒட்டியவற்றை எடுத்துவிட்டு 3:1, 4:1 அட்டைகளைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த அட்டைகளோடு சேர்த்து வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே விருப்பம் நகர்கிறது என்று 1974இல் கோட்கெவிட்ச் என்ற ஆய்வாளர் காட்டினார்.

இதைவிட முக்கியம் 1871இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் நடந்தது. ஓவியர் ஹோல்பைனின் மடோனா (குழந்தை இயேசுவுடன் மரியாள்) ஓவியம் இரண்டு வடிவங்களில் இருந்தது. எது அசல் என்ற சர்ச்சைக்கு நடுவே இரண்டையும் ஒரே கண்காட்சியில் வைத்தார்கள். எது பிடித்திருக்கிறது என்று பார்வையாளர் கருத்தெழுத ஃபெக்னர் ஒரு குறிப்பேடு வைத்தார். வந்தவர்கள் 11,000 பேருக்கும் மேல். எழுதியவர்கள் 113 பேர். அவர்களிலும் பலர் கேட்ட கேள்விக்கு விடை எழுதவில்லை. சிலர் விமரிசகர்களின் தீர்ப்பை முன்பே படித்திருந்தார்கள். வெற்று அட்டைக்குப் பொருந்திய முறை ஓவியத்துக்கு எடுபடவில்லை. வரைந்தவர் யார், சித்திரிப்பது என்ன, ஊர் என்ன சொல்கிறது என்பதையெல்லாம் பார்ப்பவர் கூடவே கொண்டுவருகிறார்.

அந்த இடைவெளியில்தான் கலை உளவியல் வேர்விட்டது என்பது எங்கள் உறுதியான கருத்து. ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி 1925இல் முடித்து, 1965இல்தான் அச்சேறிய ஆய்வில், 'எது பிடிக்கிறது' என்ற கேள்வியையே விட்டுவிட்டார். கதையின் வடிவம் அதன் பொருளோடு மோதி என்ன உணர்ச்சியை எழுப்புகிறது என்று கேட்டார். 1954இல் கலை உளவியலாளர் ஆர்ன்ஹைம் ஒரு சதுரத்துக்குள் கறுப்பு வட்டு ஒன்றை நடுவிலிருந்து சற்றே விலக்கி வைத்தார். வட்டு அசையாமலே மையத்தை நோக்கி இழுபடுவதாகத் தோன்றும். ஒரு தாளும் ஒரு கறுப்புப் பொட்டும் போதும், வகுப்பில் காட்டிவிடலாம். 1971இல் உளவியலாளர் பெர்லைன் புதுமை, சிக்கல்தன்மை போன்ற பண்புகளை அளந்து பார்க்கும் முறைக்கே மறுபடி திரும்பினார்.

பக்கம் போதவில்லை என்றால் பெர்லைனைச் சுருக்குங்கள். டிரெஸ்டன் குறிப்பேட்டுக்கு மட்டும் அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
கலை உளவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள்