போலீஸ் வேலைக்கு எந்தப் பட்டம் வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இங்கே தில்லியில் பிளஸ் டூ முடித்த நம் பிள்ளைகள் பலருக்குக் காக்கிச் சட்டை மேல் ஆசை இருக்கிறது, நல்ல ஆசைதான், ஆனால் அதை வைத்துச் சில தனியார் கல்லூரிகள் செய்கிற வேலை எனக்குப் பிடிக்கவே இல்லை. எதிர் வீட்டுப் பையன் கொண்டு வந்த விளம்பரத் தாளில் தொப்பி, நட்சத்திரம், கீழே குற்றவியல் (கிரிமினாலஜி) பட்டப்படிப்பு. இதைப் படித்தால் நேரே எஸ்.ஐ. ஆகலாம் என்று அவன் அம்மா நம்பிவிட்டார்.

அப்படி எதுவும் கிடையாது. தில்லி போலீஸ் எஸ்.ஐ. பதவிக்கு மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. நடத்தும் தேர்வுதான், ஏதாவது ஒரு பட்டம் போதும். ஆண்கள் 1600 மீட்டரை ஆறரை நிமிடத்தில் ஓட வேண்டும், கார், பைக் ஓட்டுநர் உரிமமும் வேண்டும் (இதைப் பலர் கடைசியில்தான் கவனிக்கிறார்கள்). கான்ஸ்டபிளுக்குப் பிளஸ் டூ போதும்.

அதற்காகக் குற்றவியலோ, அதை ஒட்டிய, தடயங்களை ஆராயும் தடயவியலோ வீண் என்று சொல்ல மாட்டேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும். ரோகிணியில் தேசியத் தடயவியல் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது, ஆர்வம் இருந்தால் அங்கே விசாரிக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறை உண்டு.

சரி, உங்களிடம் ஒரு வேண்டுகோள்: சேர்க்கை தொடங்குமுன் இந்த விவரங்களை ஒரு முழுப் பக்கமாகப் போடுங்கள்.

– வாசகர், மயூர் விஹார், தில்லி