ஐந்து தலைமுறையாக ஒரே மேளம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையாகத்தான் படித்தேன். 1965இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய குழு, அவர்கள் பின்னாலேயே ஊர் ஊராகப் போன ரசிகர்கள், கச்சேரியை டேப்பில் பதிந்துகொள்ளக் குழுவே கொடுத்த அனுமதி, 1995இல் ஜெர்ரி கார்சியா இறந்த பிறகும் அப்பா கேட்டதை மகள் கேட்பது, எல்லாம் நன்றாக இருந்தது. இரண்டாவது முறை படித்தது கடைசி வரிக்காக. தலைமுறை தலைமுறையாக ஒரே குழுவை நேரில் போய்க் கேட்கும் வழக்கம் நம்மிடம் என்றைக்குமே இருந்ததில்லை என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். கண் தவறிப் படித்துவிட்டேனோ என்றுதான் மறுபடி பார்த்தேன். அச்சில் அப்படியேதான் இருக்கிறது.

எனக்கு வயது 67. மயிலாடுதுறைக்காரன். இங்கிருந்து தரங்கம்பாடி போகிற வழியில் இருக்கிறது செம்பனார்கோயில். அந்த ஊர் நாகஸ்வர மேளத்தைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ராமசுவாமி பிள்ளை, அவர் பிள்ளைகள் கோவிந்தசாமி பிள்ளையும் தட்சிணாமூர்த்தி பிள்ளையும், அதற்கடுத்து சம்பந்தம், ராஜண்ணா சகோதரர்கள், எஸ்.ஆர்.டி. வைத்தியநாதன் என்று ஒரே குடும்பம். அவர்கள் அந்தப் பக்கம் வாசித்துக்கொண்டே வந்தார்கள். நாங்கள் இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே வந்தோம். என் தாத்தாவுக்குக் கோவிந்தசாமி, தட்சிணாமூர்த்தி ஜோடி என்றால் பைத்தியம். அறுப்பு நேரமாக இருந்தாலும் களத்தை ஆளிடம் விட்டுவிட்டு வண்டி கட்டிவிடுவார் என்று பாட்டி கடைசிவரை குறைப்பட்டாள். அப்பாவும் நானும் சம்பந்தம், ராஜண்ணாவுக்குப் பின்னால் நடந்தோம்.

நடந்தோம் என்பதைச் சொல்லாவிட்டால் எழுதியவருக்கு விளங்காது. சபாவில் நாற்காலி போட்டுக் கேட்பது வேறு. இது சுவாமி புறப்பாடு. கோபுர வாசலில் கம்பீரநாட்டை ராகத்தில், புறப்பாட்டுக்கென்றே வாசிக்கும் மல்லாரி எழும்போது, காஸ்லைட் வெளிச்சத்தில் தவில்காரரின் கை மட்டும்தான் தெரியும். மல்லாரி முடிந்து வீதிக்கு வந்தால் ராகம். மேளம் முனையில் நின்றால் சுவாமியும் நிற்கும், ஊரும் நிற்கும். திண்ணையில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்காருவார்கள். நான்கு வீதி சுற்றி முடிக்கக் கிழக்கு வெளுத்துவிடும். அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். ரக்தி என்று ஒன்று உண்டு. நாகஸ்வரத்துக்கே உரியது, பாட்டு வரி கிடையாது. ஏழு எண்ணிக்கையில் மெல்லத் தொடங்கிக் காலம், அதாவது வேகம், ஏறிக்கொண்டே போகும். செம்பனார்கோயிலாருக்கு அதில் தனிப் பெயர். அது வந்துவிட்டால் அப்பாவின் விரல்கள் என் முதுகில் தாளம் போடும். பாதித் தூக்கத்தில் அந்தத் தட்டிலேயே ஏழு எண்ணப் பழகினேன். பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு முன்பே.

டேப்பில் பதிந்தார்களாம். நாங்களும் பதிந்தோம். சிங்கப்பூரிலிருந்து உறவினர் கொண்டுவந்த டேப் ரிக்கார்டரைத் துண்டில் சுற்றி நான் தூக்கிக்கொண்டு வர, அப்பா கூட்டத்தை விலக்குவார். ஒரு கேசட்டில் ரக்தி நடுவிலேயே ஏ பக்கம் தீர்ந்துவிட்டது. பி பக்கம் “ஓடுதாடா பாரு” என்ற அப்பாவின் குரலோடு தொடங்கும். அதற்குள் காலம் ஏறிவிட்டிருக்கும். அப்பா போய்ப் பல வருஷமாகிறது. அவர் குரல் எங்களிடம் இருப்பது அந்த இரண்டு வார்த்தையில்தான்.

என் மகள் அந்தக் கேசட்டுகளைக் கேட்டு வளர்ந்தவள். அவள் கல்யாணத்துக்குச் சென்னையில் மண்டபம் பிடித்தோம். மேளக்காரர்கள் முகூர்த்தத்துக்கு முன் தோடி ராகத்தை எடுத்தபோது, மண்டபத்து மேலாளர் வந்து “சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்க, கெட்டிமேளத்துக்கு மட்டும் வாசிச்சா போதும்” என்றார். நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளை மணிக்கணக்கில் வாசித்து ஊரையே உட்காரவைத்த தோடி அது. அந்த வித்வான் ஒன்றும் சொல்லவில்லை, வாயில் வைத்து ஊதும் சீவாளியை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டார். அன்றைக்கு நான் பேசாமல் இருந்தேன். சம்பந்தி வீட்டார் முன்னால் வாயைத் திறக்கவில்லை. அது இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

இதெல்லாம் தங்கள் இதழுக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். சம்பந்தம் இருக்கிறது. வருஷாவருஷம் மார்கழி இணைப்பு போடுகிறீர்கள். எந்த சபாவில் யார் பாட்டு, யார் பிடில், யார் மிருதங்கம், கேன்டீனில் என்ன பலகாரம் என்பதுவரை வருகிறது. மேளம் வருகிற இடம் ‘மங்கல இசை’ என்ற இரண்டே சொல். யார் வாசிக்கிறார்கள் என்று தேடித் தேடிப் பார்த்திருக்கிறேன், இருக்காது. ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்துக்கு நான்கு பக்கம் ஒதுக்கினீர்கள். சிவாஜி வாயசைத்ததை எழுதினீர்கள், சரி. உள்ளே வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். நான்கு பக்கத்தில் அந்த இரண்டு பெயருக்கு இடமில்லாமல் போய்விட்டது. அப்போதும் கடிதம் எழுதினேன். வெளியாகவில்லை.

இங்கே நிறையக் கோயில்களில் இப்போது தீபாராதனைக்கு மோட்டார் மேளம்தான். ஸ்விட்சைப் போட்டால் முரசும் மணியும் தானாக அடித்துக்கொள்ளும். சுருதிக்காக ஒத்து ஊத இருந்த ஆளின் இடத்தில் சுருதிப் பெட்டி வந்து வெகுகாலமாகிறது. இவ்வளவையும் தாண்டித் திருவிழா இரவில் வீதியில் மேளம் இன்னும் நடக்கிறது. போன மாசித் திருவிழாவுக்கு மகள் தன் மகனைத் திருவெண்காட்டுக்குக் கூட்டிப்போனாள். பதினொரு வயது. நடுராத்திரி தாண்டியும் தூங்கவில்லை. தவில்காரருக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தவன், காலையில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, வலது கை விரல்களில் அவர் மாட்டியிருந்த கூடு வலிக்காதா என்பது. தாத்தாவிலிருந்து எண்ணினால் இவன் ஐந்தாவது. இந்த ஐந்து பேரும் செய்ததற்கு என்ன பெயர் என்று கட்டுரையாளர் ஒருமுறை சொல்லட்டும். வழக்கமே இருந்ததில்லை என்று எழுதுவதற்கு முன்னால் அவர் ஓர் இரவு இந்தப் பக்கம் வந்திருக்கலாம். என் வீட்டிலேயே தங்கியிருக்கலாம்.

மறுப்பெல்லாம் வெளியிடச் சொல்லிக் கேட்கவில்லை. அந்தக் குழுவின் மேலும் அவர்களின் ரசிகர்கள் மேலும் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவர்கள் இங்கே வந்தால் எங்களோடு வீதி சுற்றுவார்கள் என்றே நம்புகிறேன். கேட்பது ஒன்றே ஒன்று. வருகிற மார்கழி இணைப்பில் ‘மங்கல இசை’ என்று போடுகிற இடத்தில் நாகஸ்வரம் வாசிப்பவர் பெயரைப் போடுங்கள். தவில் வாசிப்பவர் பெயரையும் போடுங்கள். இடமிருந்தால் தாளம் போடும் பையனின் பெயரையும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மயிலாடுதுறை.